77-ஆம் பெட்டியும் எங்கள் வீட்டு டிவியும்

இந்த மாதம் அறிவியல் பகுதி என் பொறுப்பு. ஒளிச்சேர்க்கை பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதை விட்டுவிட்டு ஸ்கிரீன் சேவர் பற்றி எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் நான் வாங்கிய திட்டு.

எங்கள் வீட்டில் 14 அங்குல டிவி ஒன்று இருக்கிறது. பின்னால் பெட்டி மாதிரி நீண்டிருக்குமே, அந்த வகை. அது எங்கள் அப்பாருவின் டிவி. அவர் போன ஆடியில் இறந்துவிட்டார். காலாண்டு விடுமுறையில் நானும் தம்பியும் அதில் டிவி கேம் ஆடினோம். ஏழாவது கட்டம் வரை போய்விட்டோம். அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். அதனால் பாஸ் போட்டுவிட்டு, டிவியையும் அணைக்காமல் படுத்துவிட்டோம்.

விடியற்காலையில் அப்பா பார்த்துவிட்டார். கேமைப் பிடுங்கிவிட்டுச் சேனலைப் போட்டார். திரையின் அடியில் குறுக்காக ஒரு பட்டை, அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி மங்கலாகத் தெரிந்தது. "ராத்திரி முழுக்க ஓடவிட்டு டிவியைப் பாழாக்கிட்டயே" என்று சத்தம் போட்டார். டிவி கேம் பீரோ மேலே போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

என் மாமா டவுனில் டிவி மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனபோது, "மாமா, ஒரு ராத்திரி ஒரே படம் நின்னா டிவி கெட்டுப்போகுமா?" என்று கேட்டேன். மாமா உடனே பதில் சொல்லவில்லை. "கண்ணு, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்று பரண்மேல் இருந்து ஒரு பெட்டியை இறக்கினார். அதற்குள் இருந்தது ஒரு பழைய கணிப்பொறி.

அதைச் சொல்வதற்கு முன் டிவிக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் புரியாது. குழாய் டிவியின் பின்பக்கத்தில் எலக்ட்ரான் துப்பாக்கி இருக்கும். அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் முன்கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருக்கும் பாஸ்பர் பூச்சில் போய் மோதும். மோதிய இடம் ஒளிரும். (பாஸ்பர் என்றதும் பாஸ்பரஸ் என்று நினைக்காதீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்ண டிவியில் நீலத்துக்கும் பச்சைக்கும் துத்தநாக சல்பைடு, சிவப்புக்கு இட்ரியம் சேர்ந்த சேர்மம்.) எந்த இடத்தில் எலக்ட்ரான் அதிகமாக மோதுகிறதோ அந்த இடத்துப் பூச்சு சீக்கிரம் தளர்ந்துபோகும். பிறகு அதே அளவு எலக்ட்ரான் மோதினாலும் முன்பு போல ஒளி தராது. அம்மிக்கல் அரைக்கிற இடத்தில் மட்டும் குழிந்துபோகிறதே, அது மாதிரி. முழுத் திரையும் ஒரே சீராகத் தளர்ந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே எழுத்தோ கோடோ பல நாள் ஒரே இடத்தில் நின்றால்தான் அதன் வடிவம் தழும்பாகத் தெரியும். 2006-க்குப் பிறகு அரசு வீடுகளுக்குக் கொடுத்த 14 அங்குல வண்ண டிவிகளும் இந்தக் குழாய் வகைதான், அதனால் பழைய டிவி இருக்கிறவர்கள் வீட்டில் போய்ப் பார்க்கலாம். ஆனால் யாரும் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். உள்ளே இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு அழுத்தம் இருக்கும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும் என்று மாமா இரண்டு தடவை சொன்னார்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன். அதன் பெயர் அட்டாரி 65எக்ஸ்இ. 1985-இல் வெளிவந்த வீட்டுக் கணிப்பொறி. குவைத்தில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்து மாமாவிடம் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார், திரும்ப வாங்க வரவே இல்லை. இதற்குத் தனி மானிட்டர் கிடையாது. விசைப்பலகைக்குள்ளேயே கணிப்பொறி. ஆன்டெனா செருகும் இடத்தில் வயரைச் செருகினால் டிவிதான் திரை. வீட்டு டிவியைத்தான் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்ததால் 1979-இல் முதன்முதலாக வந்த அட்டாரி 400, 800 மாடல்களிலேயே டிவியைக் காப்பாற்ற ஒரு வழி வைத்துவிட்டார்கள். அதற்கு ‘அட்ராக்ட் மோடு’ என்று பெயர். அட்ராக்ட் என்றால் கவர்வது. டிவியைக் காப்பாற்றுவதற்கு ஏன் அந்தப் பெயர்? அட்டாரி நிறுவனம் அதற்கு முன் காசு போட்டு ஆடும் விளையாட்டு எந்திரங்கள் செய்தது. யாரும் ஆடாதபோது அந்த எந்திரம் தானாகவே ஆடிக் காட்டி ஆளைக் கூப்பிடும். அந்தப் பெயரே இதற்கும் வந்துவிட்டது.

போட்டதும் நீலத் திரையில் ‘ரெடி’ என்று வந்தது. "எதையும் தொடாம உட்கார். ஒன்பது நிமிஷத்துல என்ன ஆகுதுன்னு பாரு" என்றார் மாமா. போனில் தேடியபோதும் ஒன்பது நிமிடம் என்றுதான் இருந்தது. நான் மாமாவின் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் தடவை எட்டாவது நிமிடத்தில் மாமாவின் குட்டிப் பையன் வந்து ஒரு விசையை அழுத்திவிட்டான். கதை முடிந்தது, மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை ஒன்பது நிமிடம் ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதரை. பத்து. "மாமா, இது கெட்டுப்போச்சு" என்றேன். மாமாவும் வந்து நின்று பார்த்தார். 10 நிமிடம் 52 நொடியில் திரை சட்டென்று மங்கி நிறம் மாறியது. பிறகு ஐந்து நொடிக்கு ஒரு முறை பச்சை, ஊதா, பழுப்பு என்று மாறிக்கொண்டே இருந்தது. ஒரு விசையைத் தொட்டதும் பழைய நீலம். மூன்றாவது தடவை பார்த்தேன்: 10 நிமிடம் 54 நொடி.

ஒன்பது ஏன் பதினொன்று ஆனது? மாமாவுக்கும் தெரியவில்லை. வரும்போது பஸ்ஸில் பள்ளி நோட்டில் கணக்குப் போட்டேன். (கணக்கு சார் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார் என்று நம்புகிறேன்.)

அந்தக் கணிப்பொறியின் நினைவகம் 64 கிலோபைட். அதாவது 65,536 சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண் வைக்கலாம். அதில் 77-ஆம் பெட்டிதான் இந்தக் கதையின் நாயகன். விசை எதை அழுத்தினாலும் 77-இல் 0 விழும். யாரும் அழுத்தாவிட்டால் அது 1, 2, 3 என்று மெதுவாக ஏறும். 127-ஐத் தாண்டினால் நிறம் மாறத் தொடங்கும். எவ்வளவு மெதுவாக ஏறும்? டிவியில் 256 முறை படம் வரைந்தால் ஒன்று ஏறும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க டிவிக்கான கணிப்பொறி நொடிக்கு ஏறக்குறைய 60 முறை படம் வரையும். நம் நாட்டிலும் குவைத்திலும் உள்ள பால் முறை டிவிக்கு நொடிக்கு 50 முறை.

60-க்கு: 256-ஐ 60-ஆல் வகுத்தால் 4.27 நொடி. அதை 128-ஆல் பெருக்கினால் 546 நொடி, அதாவது 9 நிமிடம் 6 நொடி.
50-க்கு: 256-ஐ 50-ஆல் வகுத்தால் 5.12 நொடி. அதை 128-ஆல் பெருக்கினால் 655 நொடி, அதாவது 10 நிமிடம் 55 நொடி.

நான் பார்த்தது 52, 54. எனக்கு மூன்று நொடியும் ஒரு நொடியும் குறைந்தது ஏன் என்றால், விசையை அழுத்தும்போது 77-ஆம் பெட்டி மட்டும்தான் 0 ஆகும். படங்களை எண்ணுகிற பெட்டி தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். அதனால் முதல் ஏற்றம் ஐந்து நொடி முடியும் முன்பே வந்துவிடலாம். அடுத்த ஞாயிறு மாமாவிடம் காட்டினேன். நோட்டை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "கடையில சேர்ந்துக்கறயா?" என்று கேட்டார்.

77-ஐக் கண்ணாலேயே பார்க்கலாம். ‘பீக்’ என்றால் பெட்டியைத் திறந்து பார்ப்பது, ‘போக்’ என்றால் உள்ளே எண்ணைப் போடுவது. (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பலகையில் எல்லாம் தமிழில் இருக்கட்டும் என்று தமிழம்மா சொல்லியிருப்பதால் ஒலியை அப்படியே எழுதுகிறேன்.)

10 பிரிண்ட் பீக்(77)
20 கோடூ 10

இதை ஓடவிட்டால் 0, 0, 0 என்று ஓடி ஐந்து நொடி கழித்து 1, 1, 1 ஆகும். பொறுமை இருந்தால் 127 வரை பார்க்கலாம். அதற்கு அடுத்து 128 வராது, நேரே 254-க்குத் தாவி அங்கேயே நிற்கும். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் போக் 77,128 என்று தட்டினால் அந்த நொடியே நிறம் மாறும்.

மங்குவது எப்படி என்பதும் அழகான கணக்கு. ஒரு நிறத்தின் வெளிச்சம் 8, 4, 2 என்ற மூன்று காசுகளால் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இருந்தால் 14, அதுதான் உச்சம். ‘ரெடி’ என்ற எழுத்தின் வெளிச்சம் 10, அதாவது 8-ம் 2-ம். பின்னால் இருக்கும் நீலத்தின் வெளிச்சம் 4. எந்தக் காசு செல்லும் என்பதை 78-ஆம் பெட்டி சொல்கிறது. சாதாரணமாக அதில் 254 இருக்கும். அட்ராக்ட் மோடு வந்ததும் 246 ஆகிவிடும். 254-இல் 246 போனால் மிச்சம் 8. அவ்வளவுதான், 8 காசு செல்லாக்காசு! இனிமேல் உச்சம் 14 இல்லை, 6 தான். 79-ஆம் பெட்டியில் இருக்கும் எண் நிறங்களைக் கலைத்துப்போடும். அதனால் எழுத்து சில நேரம் பின்னணியைவிட வெளிச்சமாகவும் சில நேரம் இருட்டாகவும் தெரியும்.

இதில் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எழுத்து இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. நகரவில்லை. வெளிச்சம் குறைவதாலும், ஒரே நிறத்துப் பூச்சுக்கு வேலை கொடுக்காமல் மூன்றுக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பதாலும் தேய்மானம் மெதுவாகும், நிற்காது. இன்னொன்று, விசையை அழுத்தினால்தான் 77-இல் 0 விழும். ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு ஆட்டினாலும் அது கணக்கில் சேராது. பாவம், ஒருவர் மும்முரமாக ஆடிக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறிவிடும். அதனால் விளையாட்டு எழுதுகிறவர்கள் நடுநடுவே போக் 77,0 என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள்.

திரையை முழுவதும் இருட்டாக்க வேறு பெட்டி இருக்கிறது. போக் 559,0 என்றால் படம் வரைவதே நின்றுவிடும், திரை கறுப்பு. வரைகிற வேலை மிச்சமாவதால் கணிப்பொறியின் வேகமும் கூடும். திரும்பக் கொண்டுவர போக் 559,34. ஆனால் அதைக் குருட்டாம்போக்கில்தான் தட்ட வேண்டும், திரைதான் இல்லையே! நான் முதல் தடவை தப்பாகத் தட்டி, கடைசியில் ரீசெட் பொத்தானை அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் நானே ஒரு ஸ்கிரீன் சேவர் எழுதினேன். மூன்றே வரி.

10 இஃப் பீக்(77)>11 தென் போக் 559,0
20 இஃப் பீக்(77)=0 தென் போக் 559,34
30 கோடூ 10

77-இல் 12 ஆனதும், அதாவது ஏறத்தாழ ஒரு நிமிடத்தில், திரை இருண்டுவிடும். ஏதாவது ஒரு விசையைத் தொட்டால் 77-இல் 0 விழும், படம் வந்துவிடும். வேலை செய்தது! மாமாவின் பையன் கைதட்டினான். ஆனால் இது ஓடும்போது வேறு வேலை எதுவும் செய்ய முடியாது, அதனால் உண்மையில் யாருக்கும் பயன்படாது. அதைச் சரியாகச் செய்தவர் ஜான் சோச்சா. 1983 டிசம்பரில் சாஃப்டாக் என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ஐபிஎம் பிசிக்காக ‘ஸ்கிரன்சேவ்’ என்ற சின்ன நிரலை வெளியிட்டார். அது நினைவகத்தின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும், மற்ற வேலைகள் தன்பாட்டுக்கு நடக்கும். மூன்று நிமிடம் யாரும் விசையைத் தொடாவிட்டால் திரையைக் கறுப்பாக்கும். படம் ஓடுகிற ஸ்கிரீன் சேவர்கள் பிறகுதான் பிரபலமாகின. 1989-இல் மேக்கின்டோஷ் கணிப்பொறிக்கு வந்த ‘ஆஃப்டர் டார்க்’கில் ரொட்டி வாட்டும் டோஸ்டர்கள் இறக்கை கட்டிப் பறந்தன. எதற்கு டோஸ்டர் என்று கேட்காதீர்கள்.

சரி, எங்கள் வீட்டு டிவி. இவ்வளவும் தெரிந்த பிறகு வீட்டுக்கு வந்து அந்தப் பட்டையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் விளையாட்டில் மதிப்பெண் மேலே இடது மூலையில் வரும். அங்கே தழும்பு எதுவும் இல்லை. பொம்மை நின்ற இடத்திலும் இல்லை. தழும்பு இருந்தது அடியில் குறுக்காகவும், மேலே வலது மூலையில் வட்டமாகவும். வெள்ளைப் படம் வரும்போது அடிப்பட்டை மட்டும் லேசாக மஞ்சள் பூத்துத் தெரிந்தது. வெள்ளையிலிருந்து நீலம் குறைந்தால் மஞ்சளாகத்தானே தெரியும்? அப்படியென்றால் அங்கே நீலப் பூச்சுதான் அதிகம் உழைத்திருக்கிறது.

நீலப் பட்டை! அப்பாரு காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி படுக்கும்வரை ஒரே செய்திச் சேனல்தான் வைப்பார். அதன் அடியில் நீலப் பட்டை, மேலே வலது மூலையில் வட்டமாக அந்தச் சேனலின் சின்னம். கண் தெரியாத கடைசி வருடத்திலும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார், டிவியை அணைக்க விடமாட்டார். பட்டைக்குள் ஓடுகிற செய்தி எழுத்துகள் ஒன்றுகூடத் திரையில் பதியவில்லை, ஓடிக்கொண்டே இருந்ததால். பட்டையும் அதன் இடது ஓரத்தில் நிலையாக நின்ற கட்டமும் மட்டும் பதிந்திருக்கின்றன. தழும்பு பல வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது. அந்தச் சேனலைத் தவிர வேறு எதுவும் வைக்காததால் நீலப் பட்டைக்கு அடியில் அது மறைந்திருந்தது. அன்றைக்கு அப்பா வேறு சேனல் வைத்தபோதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

அப்பாவைக் கூப்பிட்டு அதே செய்திச் சேனலை வைத்துக் காட்டினேன். நீலப் பட்டை தழும்பின்மேல் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, விடு" என்றார்.

நம் கம்ப்யூட்டர் லேப்பில் இருப்பவை தட்டைத் திரைகள். அவற்றில் பாஸ்பர் பூச்சில் எலக்ட்ரான் மோதும் வேலை இல்லை, பின்னாலிருந்து விளக்கு எரிகிறது, அதனால் இந்தத் தழும்பு விழாது. குமிழி பறப்பதும், 9-ஆம் வகுப்புப் பெண்கள் (யார் என்று சொல்லமாட்டேன்) தங்கள் பெயரைச் சுழலவிடுவதும் பார்க்க அழகுதான். ஆனால் அப்போதும் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். திரையை அணைத்துவிடுவதே நல்லது என்று மாமா சொல்கிறார். ஓலெட் திரை உள்ள போன்களில் மட்டும் பழைய பிரச்சினை மீண்டும் வந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் தானே தளரும். அதனால்தான் அப்படிப்பட்ட போன்களில் எப்போதும் தெரியும் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

பழைய டிவியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பத்தா வேண்டாம் என்றுவிட்டாங்க. இப்போது அது அவங்க கட்டிலுக்கு எதிரில் இருக்கிறது. சீரியல் பார்க்கும்போதும் அடியில் பட்டை தெரிகிறது. டிவி கேம் மட்டும் இன்னும் பீரோ மேலேதான்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி